வலிமை 18: பாத்திரத்தாளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

'பாத்திரப் படைப்பு' என்பது நமது இலக்கிய விமர்சனத்தில் தேய்ந்துபோன சொற்களில் ஒன்று. நாவலாசிரியர் படைக்கிறார், வாசகர் எடை போடுகிறார் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கடந்த ஐம்பது ஆண்டுகளாக இதே சொல்லுக்கு இன்னொரு புழக்கமும் இருந்து வருகிறது. மாயாஜால உலகங்களில் நடக்கும் ரோல்பிளேயிங் கேம்களில், அதாவது வேஷங்கட்டி ஆடும் ஆட்டங்களில், ஆடுபவர் தனக்கான பாத்திரத்தைத் தானே படைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைய முடியும். ஆட்டம் தொடங்குமுன் ஒரு படிவம் நீட்டப்படுகிறது. பெயர் என்ன, ஆணா பெண்ணா, எந்த 'ரேஸ்', எந்த 'கிளாஸ்', அப்புறம் ஆறு எண்கள்: வலிமை, லாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம். இதற்குத்தான் பாத்திரத்தாள் என்று பெயர். இதைச் சரியாகப் பூர்த்தி செய்தால் ஆள் தேறுவான். இல்லாவிட்டால் முதல் குகையிலேயே செத்துப்போவான்.

வலுவான பாத்திரத்தை அமைப்பது எப்படி என்று சொல்லித்தரும் கையேடுகள் ஏராளம். அவையெல்லாம் திறன் என்பது அந்த ஆளுக்குள் கிடக்கும் சரக்கு என்பதுபோலப் பேசுகின்றன. திறன் விதிகளுக்குள் இருக்கிறது என்பது என் வாதம். எது உழைப்பு, எது அறிவு, யாருடைய உடல் எவ்வளவு தாங்கும் என்று ஒரு விதித்தொகுப்பு முன்கூட்டியே முடிவு கட்டி வைத்திருக்கிறது. அந்த முடிவுக்கு இசைந்து வருகிறவனை அது 'வலுவானவன்' என்கிறது. ஆகவே நல்ல பாத்திரம் அமைக்கத் தெரிந்த ஒருவர், அறிந்தோ அறியாமலோ, மனிதனைப் பற்றிய ஒரு கோட்பாட்டைப் படித்து முடித்தவர்.

'வெறும் விளையாட்டுதானே, இதுல போய் எதுக்கு அதிகாரத்தைத் தேடுறீங்க?' என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. விளையாட்டு என்பதால்தான் தேடுகிறேன். சட்டப் புத்தகம் மனசில் இருப்பதைப் பூசி மெழுகி எழுதும். ஆட்டத்தின் விதிப் புத்தகத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. பெண்ணுக்கு இவ்வளவுதான் என்று அட்டவணை போட்டே அச்சடித்துவிடும்.

2

இந்தத் தாளின் பூர்வீகம் ராணுவம். 1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் தன் தந்தையின் முயற்சியைத் தொடர்ந்து செப்பனிட்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் ஆட்டம், வரைபடமும் பகடையும் நடுவரும் கொண்டு அதிகாரிகளுக்குப் போர்ப் பயிற்சி தந்தது. அங்கே ஒரு கட்டை ஒரு படைப்பிரிவு. தனி ஆள் என்று யாரும் கிடையாது. இந்த மரபு அமெரிக்கப் பொழுதுபோக்காக மாறி, 1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் வெளியிட்ட 'செயின்மெயில்' வரை வருகிறது. அதில் பெரும்போர் விதிகளின்படி ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம். கூடவே ஆளுக்கு ஆள் மோதும் விதிகளும், பூதங்களும் மந்திரவாதிகளும் வரும் பின்னிணைப்பும் இருந்தன. 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்தப் பின்னிணைப்பை முன்னுக்குக் கொண்டுவந்தது. படைப்பிரிவு சுருங்கிச் சுருங்கி ஒற்றை உடலானது.

இது நமது விவாதத்துக்கு முக்கியம். தனிமனிதன் இங்கே நாவலின் வழியாக வரவில்லை, படையணியின் வழியாக வருகிறான். அவனது அக உலகம் பற்றித் தாளில் ஒரு கட்டமும் இல்லை. எவ்வளவு அடிப்பான், எவ்வளவு அடி தாங்குவான், எத்தனை பேரைத் தன் பின்னால் வரவைப்பான் என்பதற்கெல்லாம் கட்டம் உண்டு. வசீகரம்கூட அன்று கூலிவீரர்களைச் சேர்க்கும் ஆற்றல்தான்.

1974 விதிப்படி ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று ஆறுமுகப் பகடைகள் உருட்டப்படும். உருட்டுவது ஆடுபவர்கூட அல்ல, நடுவர். விழுந்த எண் விழுந்த வரிசையிலேயே நிற்கும். மூன்றும் ஆறாக விழுந்து 18 கிடைக்க 216இல் ஒரு வாய்ப்பு. அன்றைக்குத் 'திறமையான பாத்திரம்' என்று ஒன்றை யாரும் அமைக்கவில்லை, வந்ததை வைத்துப் பிழைத்தார்கள். வலிமை 7, அறிவு 14 என்று விழுந்தால் மந்திரவாதியாகு, அவ்வளவுதான். திறமை என்பது தாளில் இல்லை. பாழடைந்த மாளிகையின் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யோசிக்கும் ஆடுபவரின் மூளையில் இருந்தது.

விதிக்கு மேலே இன்னொரு விதியும் இருந்தது. குள்ளர்கள் போர்வீரராக மட்டுமே ஆகலாம், அதுவும் 6ஆம் லெவல் வரை. எல்ஃப் இனத்தார் போரில் 4, மந்திரத்தில் 8. மனிதருக்கு வரம்பு இல்லை. பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கிறது, உயரத்தையும் தீர்மானிக்கிறது. இதைப் படிக்கும் நமக்கு உடனே சாதி என்று சொல்லிவிடத் தோன்றும். அவசரப்பட வேண்டியதில்லை. இங்கே இயங்குவது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் இனவாதச் சிந்தனை. இரத்தத்துக்கு ஒரு குணம் உண்டு என்ற நம்பிக்கை. அது டோல்கீனின் கதையுலகம் வழியாக இங்கே இறங்கியது. ஓர்க்குகளின் தோற்றத்தை விவரிக்க 1958இல் ஒரு கடிதத்தில் டோல்கீன் மங்கோலிய முகச்சாயலைத்தான் இழிவாக்கி எடுத்துக்கொண்டார். மனிதன் மட்டும் வரம்பற்றவன் என்பதில் அந்த 'மனிதன்' யார் என்ற கேள்வி அச்சடித்தவர்களுக்கு எழவே இல்லை.

3

பெண்ணுடல் இந்தத் தாளுக்குள் நுழைந்த விதம் தனியாகப் பேசப்பட வேண்டியது. 1974 விதிகளில் பெண்ணுக்கென்று கழிவு எதுவும் இல்லை, பெண்ணே பேச்சில் இல்லாததால். 1976 அக்டோபரில் 'தி டிராகன்' பத்திரிகையின் 3ஆம் இதழில் லென் லகோஃப்கா எழுதிய ஒரு கட்டுரை பெண் ஆட்டக்காரர்களை உள்ளே அழைத்துவருவதாகச் சொல்லிக்கொண்டது. அழைத்த விதம் இது: வலிமைக்கு மூன்று ஆறுமுகப் பகடைகளுக்குப் பதிலாக ஒரு எட்டுமுகமும் ஒரு ஆறுமுகமும். கூட்டினால் அதிகபட்சம் 14. வசீகரம் இருந்த இடத்தில் 'அழகு'.

அது ஒரு பத்திரிகைக் கட்டுரை, விட்டுவிடலாம். ஆனால் 1978இல் வந்த 'அட்வான்ஸ்ட்' விதிநூலில் மனிதப் பெண்ணின் வலிமைக்கு 18/50 என்று உச்சவரம்பு அச்சாகியது. ஆணுக்கு 18/00, அதாவது நூறு. 1988இல் எஸ்எஸ்ஐ நிறுவனம் வெளியிட்ட 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' இந்த அட்டவணையை அப்படியே கணினிக்குள் எடுத்துக்கொண்டது. மேசையில் நண்பர்கள் கூடி ஆடும்போது 'விடுப்பா, அந்த விதி வேண்டாம்' என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியும். கணினி விவாதிக்காது. விதி நிரலாக மாறும்போது அது இயற்கையாகிவிடுகிறது.

கேட்டால் 'யதார்த்தம்' என்றார்கள். நெருப்பைக் கக்கும் டிராகன் யதார்த்தம், செத்தவனை எழுப்பும் பூசாரி யதார்த்தம், ஒரு பெண் ஆணுக்குச் சமமாகக் கதவை உடைப்பது மட்டும் யதார்த்த மீறல்! யதார்த்தம் என்ற சொல் எங்கே கூப்பிடப்படுகிறது, எங்கே கூப்பிடப்படுவதில்லை என்பதைக் கவனித்தாலே போதும். 1989இன் இரண்டாம் பதிப்பில் பெண்ணுக்கான வரம்பு நீங்கியது. ஆனாலும் 2002இன் 'மாரோவிண்ட்', 2006இன் 'ஆப்லிவியன்' வரை, பாத்திரத்தின் தொடக்க எண்கள் இனத்தோடு பாலினத்தையும் பார்த்தே தரப்பட்டன. 2011இன் 'ஸ்கைரிம்' அந்த எண்களையே தூக்கிப் போட்டபோதுதான் அந்தத் தொடரில் இது முடிவுக்கு வந்தது.

4

கணினி கொண்டுவந்த இன்னொரு மாற்றம், ஆடுபவர் தனியானார். நடுவர் இல்லை, பக்கத்தில் நண்பர் இல்லை, வெட்கமும் இல்லை. 1981இல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் இருவரும் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய 'விசார்ட்ரி'யில், ஒவ்வொரு இனத்துக்கும் அடிப்படை எண்கள் உண்டு. அதற்கு மேல் சில உபரிப் புள்ளிகளைக் கணினி தற்செயலாகத் தரும். விரும்பிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் 10க்குள்தான் வரும். அபூர்வமாக அதைவிட நிறைய. ஆகவே ஆடுபவர்கள் என்ன செய்தார்கள்? பாத்திரத்தை ரத்து செய்துவிட்டு மறுபடி உருவாக்கினார்கள். மறுபடி, மறுபடி.

1998இன் 'பால்டர்ஸ் கேட்' இதற்கென்றே ஒரு பொத்தான் வைத்தது. எண்களை மறுபடி உருட்டலாம், நல்லதாக விழுந்ததைச் சேமித்து வைக்கலாம், திரும்ப எடுக்கலாம். கூட்டுத்தொகை 90ஐத் தாண்டும்வரை நானும் அந்தப் பொத்தானை விடாமல் அழுத்தியிருக்கிறேன். அலுப்புத்தான், ஆனால் அந்த அலுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. 216இல் ஒன்று என்ற விதி இப்போது பொறுமைக்கு விலைபோகிறது. யாரிடம் ஓய்வு நேரம் இருக்கிறதோ அவரது பாத்திரம் பலசாலியாகப் பிறக்கிறது.

இதே காலத்தில் வேறொரு முயற்சியும் நடந்தது. 1985இல் ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா 4', எண்களைக் கேட்காமல் அறம் பற்றிய கேள்விகளைக் கேட்டது. ஒரு குறிகாரி எதிரே உட்கார்ந்து இரண்டு நற்குணங்களை மோதவிட்டு எதைத் தேர்வாய் என்பாள். நேர்மையா, கருணையா? வீரமா, நீதியா? எட்டு நற்குணங்களில் கடைசியாக எஞ்சுவது உன் தொழில். பணிவைத் தேர்ந்தவன் ஆட்டிடையன் ஆவான். அந்த ஆட்டிடையன்தான் ஆட்டத்திலேயே பலவீனமான பாத்திரம். கர்வத்தால் பாழாகிப்போன மஜின்சியா என்ற ஊரில் தன்னந்தனியாகத் தொடங்குவான். பணிவு என்பதற்கு ஆட்டம் கொடுக்கும் கூலி அது. இதைக் குறையென்று மட்டும் நான் படிக்கவில்லை. 'திறமையான' பாத்திரம் வேண்டுமானால் பதிலை மாற்றிச் சொல், பொய் சொல் என்று ஆட்டம் நம்மைத் தூண்டுகிறது. நம் அறத்தின் விலை என்ன என்று கேட்கிறது. ஆட்டத்தின் இலக்கோ 'அவதாரம்' ஆவது. நம் பக்கத்துச் சொல் ஆங்கிலம் வழியே சுற்றி வந்து, இன்று திரையில் நம்மைக் குறிக்கும் எந்த உருவுக்கும் 'அவதார்' என்று வழங்குகிறது.

5

பகடையை ஒழித்தவர்கள் வேறொரு தெருவில் இருந்து வந்தார்கள். 1981இன் 'சாம்பியன்ஸ்', 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் வெளியிட்ட 'கர்ப்ஸ்' ஆகிய மேசை ஆட்டங்கள் ஆளுக்கு இத்தனை புள்ளி என்று கையில் கொடுத்தன. அதை வைத்து வலிமை வாங்கு, அறிவு வாங்கு. போதாவிட்டால் ஒரு குறையை ஏற்றுக்கொள், அதற்கும் புள்ளி தருவோம். 'கர்ப்ஸ்' அட்டவணையில் பார்வையின்மைக்கு ஒரு விலை, வறுமைக்கு ஒரு விலை, அவலட்சணத்துக்கு ஒரு விலை! 1996இன் 'டாகர்ஃபால்' இதைக் கணினியில் முழுமையாக்கியது. பலங்களைச் சேர்க்கச் சேர்க்க லெவல் ஏறுவது கடினமாகும், பலவீனங்களைச் சேர்த்தால் எளிதாகும். திரையில் ஒரு குத்துவாள் மேலும் கீழும் நகர்ந்து கணக்குக் காட்டும். ஒருபோதும் தொடப்போவதில்லை என்று தெரிந்த ஆயுத வகையைத் 'தடை'யாக வாங்கிக்கொண்டு லாபம் பார்ப்பது அன்றைய ஆட்டக்காரர்களின் கைத்திறன்.

1979இன் தொடக்க மாதங்களில் பாரிசில் நிகழ்த்திய விரிவுரைகளில் ஃபூக்கோ, நவதாராளவாதம் மனிதனை எப்படி எண்ணுகிறது என்று காட்டினார். அவன் உழைப்பை விற்பவன் அல்ல. தன்னையே மூலதனமாக்கி, தன்மேலேயே முதலீடு செய்து, தன்னை ஒரு நிறுவனமாக நடத்துபவன். அந்தத் தன்னிலைக்கு இதைவிடத் தெளிவான படம் வேண்டுமா? பகடையின் காலத்தில் வறுமை விதி. புள்ளியின் காலத்தில் வறுமை தேர்வு. நீதானே கையெழுத்துப் போட்டாய்?

இன்றைய நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் விவரத்தில்தான் விஷயம் இருக்கிறது. 2023இல் லேரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3', டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பைப் பின்பற்றுகிறது. எல்லாக் குணங்களும் 8இல் தொடங்கும். கையில் 27 புள்ளிகள். 13 வரை ஒரு படிக்கு ஒரு புள்ளி. 14க்கு ஏற இரண்டு, 15க்கு ஏற இன்னும் இரண்டு. ஆக 14இன் மொத்த விலை 7, 15இன் விலை 9. பிறகு இலவசமாக ஓரிடத்தில் 2, இன்னோரிடத்தில் 1. ஆனால் ஆட்டம் உள்ளுக்குள் பயன்படுத்துவது இந்த எண்ணை அல்ல. அதிலிருந்து 10ஐக் கழித்து, பாதியாக்கி, கீழ்நோக்கி முழுமையாக்கிய எண்ணை. ஆகவே 14க்கும் 15க்கும் சண்டையில் வித்தியாசமில்லை, ஒற்றைப்படை எண் தூங்குகிற பணம். தேர்ந்த கை ஒரு போர்வீரனை இப்படி அமைக்கும்: வலிமை 15, தாங்குதிறன் 15, லாவகம் 14, விவேகம் 10, அறிவு 8, வசீகரம் 8. கணக்கு 9+9+7+2, சரியாக 27. இலவச 2 வலிமைக்குப் போய் 17, இலவச 1 தாங்குதிறனுக்குப் போய் 16. 17 ஒற்றைப்படைதானே என்றால், 4ஆம் லெவலில் கிடைக்கும் சிறப்புத்திறன் ஒன்றின் மூலம் அது 18 ஆகும் என்ற முன்கணக்கு.

இது நல்ல அமைப்பு. நானும் இப்படித்தான் அமைப்பேன். அமைத்து முடித்துத் தள்ளி நின்று பார்த்தால் என்ன தெரிகிறது? வலிமையும் தாங்குதிறனும் உச்சத்தில், அறிவும் பேச்சும் அடிமட்டத்தில். கனமாக அடிப்பான், அடி தாங்குவான், யோசிக்க மாட்டான், பேச மாட்டான். அதே ஆட்டத்தில் மந்திரவாதியை அமைத்தால் படம் தலைகீழ்: அறிவு 17, வலிமை 8. கையுழைப்பையும் மூளையுழைப்பையும் பிரித்து வைத்ததுதான் இங்கே 'திறன்' என்ற பெயரில் பரிசு பெறுகிறது. யோசிக்கும் போர்வீரனை, உடலுறுதி கொண்ட அறிஞனை அமைக்கலாம், தடையில்லை. அமைத்தால் அடி விழும், அவ்வளவுதான். தடை என்று ஒன்று போடாமலே மனிதரைப் பாதியாக்குகிற வித்தை இது. 1824இன் பிரஷ்ய நடுவருக்கு இந்த வீரன் அந்நியமாகத் தெரிய மாட்டான்.

6

பிறப்பு விதி என்ன ஆனது? 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இனவாரியான தொழில்தடையையும் லெவல் வரம்பையும் நீக்கியது. ஆனால் கூட்டலும் கழித்தலும் தொடர்ந்தன. ஐந்தாம் பதிப்பின் 2016 நூல் ஒன்றில்கூட ஓர்க் இனத்துக்கு அறிவில் 2 கழிவு இருந்தது. 2020இல் அமெரிக்கத் தெருக்களில் கறுப்பர்கள் நடத்திய போராட்டத்தின் சூட்டில்தான், ஆட்டத்தை இப்போது வெளியிட்டுவரும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் ஓர்க்குகளையும் டிரோ இனத்தாரையும் சித்திரித்த விதம் பற்றி வாய் திறந்தது. அந்த ஆண்டே கழிவு அடிக்கப்பட்டது. கூட்டல்களை விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது. 2022 டிசம்பரில் 'ரேஸ்' என்ற சொல்லையே கைவிடுவதாக அறிவித்து, 2024 விதிநூலில் 'ஸ்பீஷீஸ்' என்று மாற்றியது.

இதை வெற்றி என்று சொல்லத் தயங்க மாட்டேன். பல ஆண்டுகளாக வாசகர்களும் கறுப்பின எழுத்தாளர்களும் கேட்ட கேள்விகளுக்குக் கிடைத்த பதில் அது. ஆனால் அந்தக் கூட்டல்கள் 2024இல் எங்கே போயின என்று பாருங்கள். இனத்திலிருந்து எடுத்துப் 'பின்னணி'யில் வைத்திருக்கிறார்கள். அதாவது சாகசத்துக்கு வருமுன் நீ என்னவாக இருந்தாய் என்பதில். விவசாயியாக இருந்தவர் வலிமை, தாங்குதிறன், விவேகம் இவற்றில் கூட்டிக்கொள்ளலாம். பிரபுவாக இருந்தவர் வலிமை, அறிவு, வசீகரம் இவற்றில். விவசாயிக்கு அறிவில் கூட்ட வழியில்லை, வசீகரத்திலும் இல்லை! ஆட்டத்தை நடத்துபவர் இசைந்தால் புதுப் பின்னணி ஒன்றை அமைத்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அச்சடித்த அட்டவணைதான் பொதுப்புத்தி. முன்வாசலால் பிறப்பை வழியனுப்பிவிட்டு, பின்வாசலால் தொழிலைப் பிறப்பாக்கி உள்ளே கூட்டி வந்திருக்கிறார்கள். 'கிளாஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது வகுப்பு என்பதா, வர்க்கம் என்பதா, தொழில் என்பதா என்று நாம் தடுமாறுகிறோமே, அந்தத் தடுமாற்றம் மொழிபெயர்ப்பாளருடையது மட்டுமல்ல.

'பால்டர்ஸ் கேட் 3' இன்னொரு வகையில் சுவாரசியமானது. விதர்ஸ் என்ற எலும்புக்கூட்டுக் கிழவருக்கு 100 பொற்காசு கொடுத்தால் தொழிலையும் ஆறு எண்களையும் அழித்து மறுபடி எழுதிக்கொள்ளலாம். முகத்தை மாற்ற மாயக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. எத்தனை காசு கொடுத்தாலும் மாற்ற முடியாதவற்றில் ஒன்று: இனம்.

7

'மாரோவிண்ட்' தொடங்கும் விதம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. நீங்கள் ஒரு கைதி. கப்பலிலிருந்து இறக்கப்படுகிறீர்கள். துறையில் நிற்கும் காவலன் எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்கிறான். நீங்கள் சொல்லும் பதில் உங்கள் இனம். அங்கிருந்து குடிக்கணக்கு மற்றும் சுங்க அலுவலகம். வயதான குமாஸ்தா தொழிலைக் கேட்கிறார். நீங்களே படிவத்தைப் பூர்த்தி செய்யலாம், பட்டியலிலிருந்து ஒன்றைப் பொறுக்கலாம், அல்லது அவரது கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். தாளை வாங்கிக்கொண்ட பிறகுதான் விடுதலை. போலீஸ்காரர் 'ஏய்' என்று விளித்ததும் திரும்பிப் பார்ப்பவன் அந்தக் கணத்தில் தன்னிலையாகிறான் என்று அல்தூஸர் 1970இல் எழுதினார். மற்ற ஆட்டங்கள் படிவத்தைக் கதைக்கு வெளியே வைத்து, அது ஏதோ இயற்கை என்பதுபோல நடிக்கின்றன. 'மாரோவிண்ட்' படிவத்தை அரசு அலுவலகத்தில் வைத்துவிட்டது. உன்னை எண்ணுபவன் பேரரசின் குமாஸ்தா, நீ கைதி என்று நேராகச் சொல்லிவிட்டது.

அப்படியானால் வலுவான பாத்திரம் அமைப்பதையே விட்டுவிட வேண்டுமா? இல்லை. தோற்பதில் புரட்சி எதுவுமில்லை. ஆட்டம் எதற்குக் கூலி கொடுக்கிறது என்று முதலில் படியுங்கள். ஒற்றைப்படை எண்ணில் புள்ளியைத் தூங்க விடாதீர்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் என்று பரப்பாதீர்கள். கையேடுகள் சொல்வது இதுவரை சரி. அவை குறைவாகச் சொல்வது ஒன்று இருக்கிறது. 'விசார்ட்ரி' ஆறு பேரைச் சேர்த்தே நிலவறைக்குள் அனுப்பியது. பூட்டைத் திறப்பவன் சண்டையில் சோப்ளாங்கி, காயத்தை ஆற்றும் பூசாரிக்குப் பூட்டைத் திறக்கத் தெரியாது, மந்திரவாதி ஓர் அடியில் விழுவான். இவர்களில் யாருடைய தாளையும் தனியே எடுத்து 'இது திறமையான பாத்திரமா?' என்று கேட்டால் கேள்விக்கே பொருளில்லை. ஐந்து பேர் பக்கத்தில் நிற்கும்போதுதான் அந்தப் பாதி மனிதர்கள் முழுமையாகிறார்கள்.

அந்த 'பக்கத்தில் நிற்பது' என்பதற்குப் பெரும்பாலான பாத்திரத்தாள்களில் ஓர் எண் இல்லை. இருந்தால் அதையும் 27 புள்ளிகளுக்குள் பேரம் பேசியிருப்போமோ என்னவோ. விண்ணப்பங்களிலும் மதிப்பெண் பட்டியல்களிலும் தகுதித் தேர்வுகளிலும் நாள்தோறும் நம்மைப் பூர்த்தி செய்துகொண்டிருக்கும் நாம், நம் இயக்கங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் எந்தத் தாளை வைத்து எடைபோடுகிறோம் என்பதையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.